கேன்டீன் சோற்றுக்கும் அடையாறு சேற்றுக்கும் என்ன சம்பந்தம்? பயிர் நோயும் கழிமுகப் புல்லும்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எந்தத் தொழிற்சாலை கேன்டீனில் உட்கார்ந்தாலும் மதியத் தட்டு பெரும்பாலும் ஒரே மாதிரிதான். பொன்னி ரகச் சோறு, சாம்பார், ஒரு பொரியல். சில நாள் மீல் மேக்கர் குருமா.

அந்த மீல் மேக்கர், எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் சோயா மாவில் செய்தது. சோயா மத்தியப் பிரதேசத்தில் விளைந்திருக்கலாம், மகாராஷ்டிராவில் விளைந்திருக்கலாம். அரிசி டெல்டாவிலிருந்தோ ஆந்திராவிலிருந்தோ வந்திருக்கும். ரெண்டும் வயலில் நோய்க்குத் தப்பித்துத்தான் தட்டுக்கு வந்திருக்கு. தப்பிக்க உதவிய மரபணு, அதாவது ஜீன், பல நேரங்களில் அந்தப் பயிருக்கே சொந்தமில்லை. பக்கத்து வீட்டில் கடன் வாங்கியது மாதிரி, ஏதோ ஒரு பழைய நெல்லிடமோ காட்டுப் புல்லிடமோ வாங்கியது.

அப்படிக் கடன் கொடுக்கும் செடிகள் சில, நாம் 'சும்மா கிடக்கிற இடம்' என்று சொல்லும் ஏரி ஓரத்திலும் கழிமுகச் சேற்றிலும்தான் வளர்கின்றன. ஒரகடத்தில் பெய்யும் மழை கடைசியில் போய்ச் சேருவதும் அப்படி ஒரு சேற்றுக்குத்தான். இந்தக் கதையில் அதுதான் முக்கியம். அதற்கு முன்னால் சோயாவைப் பார்த்துவிடலாம்.

சோயாவுக்கு என்ன வியாதி?

தமிழ்நாட்டில் சோயா பெரிய பயிர் கிடையாது. மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரா, ராஜஸ்தான் மானாவாரி விவசாயிகளுக்கு அதுதான் மழைக்காலப் பணப்பயிர். மத்திய அரசின் சோயா ஆராய்ச்சி மையம் 1987-ல் இந்தூரில் தொடங்கப்பட்டதும் அதனால்தான்.

அங்கே விவசாயிகளைத் தூங்கவிடாத நோய்களில் ஒன்று மஞ்சள் தேமல். இது நமக்கும் பழக்கமானதுதான். உளுந்து வயலில் பச்சைக்கு நடுவே திட்டுத் திட்டாக மஞ்சள் தெரியுமே, அதே வகை வைரஸ். வெள்ளை ஈ என்ற பொடிப்பூச்சி ஒரு செடியில் உறிஞ்சி அடுத்த செடிக்குக் கொண்டுபோய்விடும். தொற்றிய செடிக்கு மருந்து கிடையாது. பிடுங்கிப் போடலாம், வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்தலாம், இல்லையென்றால் ஆரம்பத்திலேயே நோயைத் தாங்கும் ரகத்தை விதைக்கலாம். புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் உள்ள தேசிய பயறு வகை ஆராய்ச்சி மையம் 'வம்பன் 8' மாதிரி உளுந்து ரகங்களைக் கொண்டுவந்தது இந்த மூன்றாவது வழிக்காக.

இன்னொன்று துரு நோய். இலையின் அடியில் துருப்பிடித்த மாதிரிப் புள்ளி வைக்கும் பூஞ்சை. இதன் வித்துகள் காற்றில் பறப்பதால் எல்லைக்கோடெல்லாம் அதற்குத் தெரியாது. ஆசியாவில் இருந்த இந்த நோய் 2001-ல் தென் அமெரிக்காவில் தென்பட்டது. 2004 நவம்பரில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கண்டுபிடித்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் வந்த 'ஐவன்' சூறாவளிதான் வித்துகளைச் சுமந்து வந்தது என்பது விஞ்ஞானிகள் கணிப்பு. லூசியானா என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

இந்தியாவில் சாங்லி, கோலாப்பூர், பெலகாவி, தார்வாட் வட்டாரங்களில் துரு நோய்த் தொல்லை அதிகம். தார்வாட் வேளாண் பல்கலைக்கழகம் இதைத் தாங்கும் ரகத்தை உருவாக்கியது. பிரேசிலில் ஒரே பருவத்தில் பல முறை பூஞ்சைக்கொல்லி தெளிக்கிறார்கள், பூஞ்சையும் அந்த மருந்துகளுக்கு மெல்லப் பழகிக்கொள்கிறது.

சோயாவுக்குள்ளேயே சில எதிர்ப்பு ஜீன்கள் இருக்கு. எல்லா வகைத் துருவையும் நின்று தாங்கும் ஜீன் கிடைக்கவில்லை. அதனால் பிரேசில், பிரிட்டன் ஆய்வாளர்கள் சோயாவின் உறவுக்காரச் செடிகளைத் தேடிப் போனார்கள். கிடைத்த இடம் துவரை. சாம்பாரில் கொதிக்கிற அதே துவரைதான். துவரை வகை ஒன்றிலிருந்து ஒரு ஜீனை எடுத்து சோயாவில் வைத்தபோது துரு பிடிக்கவில்லை என்று 2016-ல் அறிவித்தார்கள்.

துவரையும் சோயாவும் இயற்கையாக ஒட்டுச் சேராது என்பதால் இது மரபணு மாற்றுப் பயிர். இந்தியாவில் அப்படிப்பட்ட சோயாவைப் பயிரிட அனுமதி இல்லை. (கோழித் தீவனத்துக்காக மரபணு மாற்று சோயாப் புண்ணாக்கை இறக்குமதி செய்ய 2021-ல் மத்திய அரசு விலக்கு கொடுத்தது. அது தனிக் கதை.)

திரூர்: ஒரு மணி நேர தூரத்தில் ஓர் உலக சாதனை

ஜீன் கடன் வாங்குவது வெளிநாட்டு ஆய்வகங்கள் இப்போது கண்டுபிடித்த வித்தை இல்லை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பைக்கில் கிளம்பினால் ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய இடத்தில் இது எப்போதோ நடந்திருக்கு.

திருவள்ளூர் மாவட்டம் திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் ஒன்று உண்டு. 1942-ல் தொடங்கியது. இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறது. 'டி.கே.எம்.' என்று தொடங்கும் நெல் ரகங்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த எழுத்துகள் திரூர்குப்பம் என்ற ஊர்ப்பெயரின் சுருக்கம். 2015-ல் வந்த டி.கே.எம். 13-உம் இந்த வரிசையில் ஒன்று.

அந்த வரிசையில் 1952-ல் வந்த டி.கே.எம். 6 கொஞ்சம் ஸ்பெஷல். கிச்சிலிச் சம்பா என்று வழங்கும் ஜி.இ.பி. 24, அதோடு கோ 18, இரண்டையும் ஒட்டுச் சேர்த்துப் பிறந்தது. குருத்துப்பூச்சியை ஓரளவு தாங்கும் என்பதுதான் அதன் பெயர். அறுபதுகளில் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஐ.ஆர். 8 ரகத்தால் விளைச்சலை வெகுவாக ஏற்றியது. பூச்சி, நோய் என்று வந்தால் ஐ.ஆர். 8 படுத்துவிடும். தாங்கும் குணம் தேடிய விஞ்ஞானிகள் டி.கே.எம். 6-ஐ எடுத்துத் தங்கள் வரிசை ஒன்றோடு சேர்த்தார்கள். 1969-ல் ஐ.ஆர். 20 வெளிவந்தது.

ஐ.ஆர். 20 என்றால் என்ன என்று வீட்டில் அப்பாவிடமோ தாத்தாவிடமோ கேளுங்கள். ஒரு காலத்தில் தமிழ்நாட்டு அரிசிக் கடைகளில் 'ஐ.ஆர். இருபது' என்பது கிட்டத்தட்ட அரிசிக்கே இன்னொரு பெயர்.

பூச்சிக்காக எடுத்த டி.கே.எம். 6-க்குள் இன்னொரு சரக்கும் இருந்தது. பாக்டீரியா இலைக்கருகல் நோயைத் தடுக்கும் ஜீன். எழுபதுகளில் அதை அடையாளம் கண்டு 'எக்ஸ்ஏ 4' என்று பெயர் வைத்தார்கள். இந்த ஜீன் ஐ.ஆர். 20-ல் இருக்கு, உலகம் முழுக்கப் பரவிய ஐ.ஆர். 64-லும் இருக்கு. திரூர்ச் சரக்கு ஆசியாவின் நெல் வயல்களுக்குப் போய்விட்டது. ஏற்றுமதி என்றாலே கார், போன் என்று நினைக்கும் வட்டாரத்துக்கு இது யாரும் விளம்பரப் பலகை வைக்காத ஏற்றுமதி.

ஜீன் எப்படி வேலை செய்யுது?

இலைக்கருகல் பாக்டீரியா, இலை ஓரத்தில் நீர் கசியும் நுண் துளைகள் வழியாகவும், காற்றில் இலைகள் உரசி ஏற்படும் காயம் வழியாகவும் நுழையும். மழையும் காற்றுமாக ஒரு வாரம் அடித்தால் போதும். இலை நுனியிலிருந்து ஓரத்தோடு மஞ்சளாகி, வைக்கோல் நிறத்தில் காய்ந்துகொண்டே கீழே இறங்கும். வடகிழக்குப் பருவமழைச் சம்பாவுக்கு இது பழைய எதிரி.

எக்ஸ்ஏ 4 என்ன செய்கிறது என்பது 2017-ல்தான் சீன விஞ்ஞானிகளுக்குத் தெளிவாகப் பிடிபட்டது. அது செல் சுவரோடு ஒட்டி நிற்கும் ஒரு புரதத்தை உருவாக்குகிறது. சுவர் தடிக்கிறது, பாக்டீரியா பரவச் சிரமப்படுகிறது. கூடுதல் லாபமாகத் தண்டும் உறுதியாகி, பயிர் சாய்வதும் குறைகிறது. நோய்க்கு வாங்கிய பூட்டு, கதவையும் சேர்த்துப் பலப்படுத்தின மாதிரி.

சரி, அப்படியென்றால் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. லட்சக்கணக்கான ஏக்கரில் ஒரே பூட்டு என்றால், அந்தப் பூட்டைத் திறக்கத் தெரிந்த பாக்டீரியா ஒன்று பிறந்தால் போதும். பிலிப்பைன்ஸில் அதுதான் நடந்தது. எக்ஸ்ஏ 4 உள்ள ரகங்கள் பரவப் பரவ, அதற்கு அடங்கும் பாக்டீரியா வகை குறைந்து, அடங்காத வகை பெருகியது.

ஒரகடத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு பாகத்துக்கு ஒரே வெண்டர் என்றால் என்ன ஆகும் என்று 2021-ல் சிப் தட்டுப்பாடு வந்தபோது கார் உற்பத்தி லைன்கள் பார்த்தன. நெல்லுக்கும் மாற்று வெண்டர் வேண்டும். அதைத் தேடிப் போனால் ஊர் தாண்டி, பயிர் தாண்டி, காட்டுக்கே போக வேண்டியிருக்கு.

காட்டு நெல் என்ற மாற்று வெண்டர்

ஆப்பிரிக்காவின் மாலி நாட்டிலிருந்து வந்த ஒரு காட்டு நெல்லை எழுபதுகளில் கட்டாக்கில் உள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் சோதித்தார்கள். இலைக்கருகல் பாக்டீரியாவின் எந்த வகையும் அதை அசைக்கவில்லை. அந்த எதிர்ப்பை சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் சாகுபடி நெல்லுக்கு மாற்றியது. 'எக்ஸ்ஏ 21' என்ற அந்த ஜீனை 1995-ல் கலிஃபோர்னியாவில் பமேலா ரொனால்டு குழு தனியே பிரித்தெடுத்தது.

ஹைதராபாத்தில் உள்ள செல், மூலக்கூறு உயிரியல் மையமும் நெல் ஆராய்ச்சி இயக்குநரகமும் சேர்ந்து அதையும் இன்னும் இரண்டு ஜீன்களையும் ஒரே செடியில் அடுக்கின. அது 2008-ல் வெளியான மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி. மூலம் பி.பி.டி. 5204, கடைகளில் 'ஆந்திரா பொன்னி' என்று விற்கிறதே, அதுதான். ஒட்டுச் சேர்த்து, எந்த நாற்றில் ஜீன் வந்திருக்கு என்று ஆய்வகத்தில் சரிபார்த்துத் தேர்வு செய்த ரகம் என்பதால் இதில் மரபணு மாற்றுச் சர்ச்சை கிடையாது. மூன்று பூட்டு போட்டால் மூன்றையும் ஒரே நேரத்தில் திறக்கும் பாக்டீரியா வர ரொம்ப நாள் ஆகும் என்பது கணக்கு.

இன்னொரு கதை இதைவிடச் சுவாரஸ்யம். எழுபதுகளின் தொடக்கத்தில் தென்கிழக்கு ஆசியாவில் ஒரு வைரஸ் பரவியது. நெற்பயிரைப் புல் கொத்து மாதிரி குட்டையாக்கி, கதிரே வராமல் செய்துவிடும். புகையான் பூச்சி அதைப் பரப்பியது. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் குர்தேவ் குஷ் குழுவினர் 6,000-க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சலித்தார்கள். தாங்கியது ஒன்றே ஒன்று. உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த 'நிவாரா' என்ற காட்டு நெல். வயலில் முளைத்தால் களை என்று பிடுங்கி எறியும் ஜாதி. அந்த ஒரு களையின் ஜீனோடுதான் 1976-ல் ஐ.ஆர். 36 வந்தது, ஆசியாவில் மிக அதிகப் பரப்பில் பயிரான ரகங்களில் ஒன்றானது.

நிவாரா எங்கே வளரும்? மழையில் நிறைந்து கோடையில் வற்றும் குட்டை, வாய்க்கால் ஓரம், ஏரியின் ஆழமில்லாத சரிவு. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை 'ஏரி மாவட்டம்' என்பார்கள். இன்றைய ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் எல்லாம் அந்த ஏரிகளுக்கு நடுவே முளைத்தவை. ஏரிக்கரைக்கு எதிர்ப்பக்கம், தண்ணீர் மெல்ல ஏறி மெல்ல வடியும் அந்தத் தாழ்ந்த சரிவை ஊரில் 'உள்வாய்' என்பார்கள். கோரை, சம்பு, காட்டுப் புல் எல்லாம் வளர்வது அங்கேதான்.

முதலில் காணாமல் போவதும் அதுதான். கரையைத் தொட்டால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். உள்வாயில் நாலு லோடு மண் கொட்டினால் கோடையில் யாருக்கும் தெரியாது. 'தூர்வாருதல்' என்ற பெயரில் ஏரியைத் தொட்டி மாதிரி செங்குத்தாக வெட்டிக் கல் பதித்தாலும் முடிவு அதேதான். கொள்ளளவு கூடும், சரிவு போய்விடும். பரந்தூர் விமான நிலையத் திட்டத்தை எதிர்த்து ஏகனாபுரம் மக்கள் 2022-லிருந்து போராடும்போது ஏரிகளைப் பற்றித் திரும்பத் திரும்பப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சு பாசனம், வெள்ளம் என்ற அளவில்தான் வெளியே கேட்குது. ஏரி ஓரத்துச் செடிகளைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

ஒரகடத்து மழை எங்கே போகுது?

ஸ்ரீபெரும்புதூர் ஏரியின் உபரி நீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது. செம்பரம்பாக்கம் நிரம்பினால் அடையாற்றில் திறப்பார்கள். 2015 டிசம்பரை சென்னை மறக்காது. ஒரகடம், மணிமங்கலம், ஆதனூர் பக்கத்து ஏரிகளின் உபரியும் அடையாற்றுக்குத்தான். ஆறு பட்டினப்பாக்கத்துக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே கடலில் கலக்கிறது. அந்த இடம்தான் அடையாறு கழிமுகம். ஆற்று நீரும் கடல் நீரும் மாறி மாறி ஏறி இறங்கும் சேற்று நிலம்.

கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டிக் கிடந்த அதன் ஒரு பகுதியை, சுமார் 58 ஏக்கரை, மீட்டுத் தொல்காப்பியப் பூங்காவாக 2011-ல் திறந்தார்கள். சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளையின் வேலை அது. குப்பையை அள்ளி, நீர் வந்துபோக வழி செய்து, உள்ளூர் செடிகளை நட்டார்கள். கழிமுகத்தின் மற்ற பகுதிகளுக்கும் வேலை நீண்டது.

இப்படிப்பட்ட சேற்றுக்கும் நெல்லுக்கும் நேரடி உறவு உண்டு. வங்காள விரிகுடாவின் கழிமுகங்களில், குறிப்பாக சுந்தரவனத்தில், ஒரு புல் வளர்கிறது. வங்காளிகள் அதை 'தானி காஸ்' என்கிறார்கள், நெல் புல் என்று அர்த்தம். விஞ்ஞானிகளும் ஒத்துக்கொண்டுவிட்டார்கள். அது நெல் குடும்பத்துக்குள்ளேயே வைக்கப்படும் காட்டு இனம், அறிவியல் பெயர் ஒரைசா கோஆர்க்டாட்டா. தினம் இரண்டு முறை அலையேற்றத்தில் உப்புத் தண்ணீரில் முழுகி எழுந்து, ஒன்றும் நடக்காத மாதிரி நிற்கும். இலையின் மேல் உள்ள நுண் மயிர்கள் உடம்புக்குள் வந்த உப்பை வெளியே தள்ளிவிடுகின்றன.

தரமணியில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இந்தப் புல்லின் உப்பு தாங்கும் ஜீன்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. கடல் நீர் உள்ளே ஏறும் கடலோர வயல்களுக்கு அது தேவை. 2013-ல் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் இதை ஐ.ஆர். 56 ரகத்தோடு ஒட்டுச் சேர்த்ததாக அறிவித்தது. சாகுபடி நெல்லுக்கு 24 குரோமோசோம், இதற்கு 48. லேசில் சேராது. ஆயிரக்கணக்கில் முயன்று, கருவை ஆய்வகத்தில் காப்பாற்றி வளர்த்துத்தான் ஒரு செடி கிடைத்தது.

ஃப்ரிட்ஜில் வைக்க முடியாத விதை

இங்கே ஒரு கேள்வி வரும். டெல்லியில் தேசிய விதை வங்கி இருக்கு, நார்வேயின் ஸ்வால்பார்டில் 2008-லிருந்து பனிமலைக்குள் உலக விதைக் கிடங்கே இருக்கு. எல்லாக் காட்டு விதையையும் உள்ளே போட்டு மைனஸ் 18 டிகிரியில் பூட்டிவிட்டால் என்ன? ஏரியும் சேறும் போனால் போகட்டுமே?

நிவாராவுக்கு அது ஓரளவு சரி. விதையை உலர்த்திக் குளிரில் வைக்கலாம். (வங்கியில் தூங்கும் விதை புது நோய்களோடு மோதிப் பழகாது என்ற குறை இருக்கத்தான் செய்யுது.) கழிமுகப் புல்லுக்கு அந்த வழியே கிடையாது.

லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் ஆய்வாளர்கள் 1989-ல் நீரில் வளரும் மூன்று புற்களின் விதைகளைச் சோதித்தார்கள். அதில் ஒன்று இந்த நெல் புல். இன்னொன்று ஐரோப்பியக் கடற்கரைச் சேற்றில் வளரும் ஸ்பார்டினா இனம் ஒன்று. மூன்றுக்கும் ஒரே சுபாவம். விதையை உலர்த்தினால் செத்துவிடும். உலர்த்தாமல் உறையவைத்தால் உள்ளே இருக்கும் நீர் பனியாகி விதை செத்துவிடும். விதை வங்கியின் அடிப்படையே உலர்த்துவதும் உறையவைப்பதும்தானே? ஈரத்தோடு குளிரில் கொஞ்ச காலம் வைக்கலாம், அவ்ளோதான். திசு வளர்ப்பு மாதிரி வழிகள் செலவும் ஆளும் கேட்பவை.

ஆக, இந்தப் புல்லுக்கு உருப்படியான சேமிப்புக் கிடங்கு அலை வந்துபோகும் சேறு மட்டும்தான். கழிமுகத்தை மீட்பதை வெறும் 'பசுமைப் பூங்கா' வேலையாகப் பார்க்க முடியாததற்குக் காரணம் இது.

மரம் மட்டும் நட்டால் போதுமா?

தமிழ்நாட்டில் கடலோர மீட்பு என்றாலே அலையாத்தி மரக்கன்றுதான் நினைவுக்கு வரும். அதற்குக் காரணம் பிச்சாவரத்தின் வெற்றி. பல பத்தாண்டுகள் பட்டை பட்டையாக மரம் வெட்டியதில் அங்கே நிலம் தட்டு மாதிரி குழிந்துபோனது. உள்ளே வந்த கடல் நீர் தேங்கி, வெயிலில் ஆவியாகி, உப்பு மட்டும் ஏறிக்கொண்டே போனது. உமரி தவிர வேறெதுவும் நிற்காத தரை. தொண்ணூறுகளில் சுவாமிநாதன் நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களோடு சேர்ந்து மீன் முள் வடிவத்தில் வாய்க்கால்கள் வெட்டின. அலைநீர் உள்ளே போய் வெளியே வர ஆரம்பித்த பிறகுதான் கன்றுகள் பிழைத்தன. பிச்சாவரமும் பள்ளிக்கரணையும் 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன.

முதலில் தண்ணீரைச் சரி செய், அப்புறம் செடி. அந்தப் பாடம் பரவலாகப் புரிந்துவிட்டது. அடுத்த பாடம் சுந்தரவனத்திலிருந்து வருது. அரிப்பில் கரையும் சேற்றுத் திட்டுகளில் நேரடியாக மரக்கன்று வைத்தால் அலை பிடுங்கிப்போகிறது. அங்கே ஆய்வாளர்கள் முதலில் உப்பு தாங்கும் உள்ளூர் புற்களை நட்டார்கள். நெல் புல்லும் அதில் ஒன்று. புல்லின் வேர் வலை சேற்றைப் பிடித்து, சத்தைத் தக்கவைத்த பிறகு அலையாத்திக் கன்று வைத்தால் பிடிக்கிறது. புல் நட்டால் திறப்பு விழாப் புகைப்படம் அவ்வளவு எடுப்பாக வராது என்பது உண்மைதான்.

எந்தப் புல் என்பதும் முக்கியம். சீனா 1979-ல் கரையைக் காக்க அமெரிக்காவிலிருந்து ஸ்பார்டினா புல்லைக் கொண்டுவந்தது. அது உள்ளூர்ச் செடிகளையும் பறவைகளின் இரைக்களமான சேற்றுத் திட்டுகளையும் விழுங்க, 2022-ல் அதை அகற்றுவதற்கே தேசியத் திட்டம் போட வேண்டியதாயிற்று. சீமைக் கருவேலத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை புதுசு இல்லை.

லூசியானா தரும் எச்சரிக்கை

சோயாத் துரு 2004-ல் இறங்கிய அதே லூசியானாவில், அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 2000-ல், கடலோரச் சதுப்புப் புல் பெரும் பரப்பில் பழுப்பாகிச் செத்தது. கடும் வறட்சி ஒரு காரணம். பிற்பாடு அமெரிக்கக் கடற்கரை நெடுக இதேபோல் சாகும் புல்லை ஆராய்ந்தபோது ஒரு புதிய ஃபியூசேரியம் பூஞ்சை கிடைத்தது, 2011-ல் அதற்குப் பெயர் வைத்தார்கள். வறட்சியில் சோர்ந்த புல்லை இந்தப் பூஞ்சை மேலும் பலவீனப்படுத்துகிறது. சில இடங்களில் புல் தின்னும் நண்டுகள்தான் முக்கியக் குற்றவாளி. ஒற்றைக் காரணம் என்று எதையும் சொல்லிவிட முடியாது. சோயா வேரை அழுகச் செய்யும் நோய்களிலும் ஃபியூசேரியம் இனங்கள் உண்டு. வயலும் சதுப்பும் நமக்குத்தான் வேறு வேறு, பூஞ்சைக் குடும்பத்துக்கு ரெண்டும் சாப்பாட்டு மேசைதான்.

அந்தக் கரையை மீட்க லூசியானாவில் 'வெர்மிலியன்' என்ற ஒரே புல் வகையைப் பெருமளவு நட்டார்கள். 1989-ல் அமெரிக்க வேளாண் துறை வெளியிட்டது. வேகமாகப் படரும், நன்றாகப் பிடிக்கும். ஆனால் அது குளோன். கிழங்கையும் தூரையும் பிரித்துப் பிரித்து நட்டதால் எல்லாச் செடிக்கும் ஒரே ஜீன். புது நோய் ஒன்று இந்தக் குளோனை வீழ்த்தக் கற்றுக்கொண்டால் நட்ட இடமெல்லாம் ஒரே நாளில் ஆபத்து. டி.கே.எம். 6 கொடுத்த ஒற்றைப் பூட்டு பிலிப்பைன்ஸில் எப்படித் திறந்துபோனதோ அதே ஆபத்து. இப்போது அங்கே பல இடங்களிலிருந்து சேகரித்த புல்லைக் கலந்து நடுவது பற்றி ஆராய்ச்சி நடக்கிறது.

ஒரே நாற்றங்காலிலிருந்து லாரி லாரியாகக் கன்று வாங்கி, ஒரே நாளில் நட்டு, எண்ணிக்கையை அறிவிக்கும் பழக்கம் நம்மிடமும் இருக்கு. நோயியல் படித்தவர் ஒருவரை மீட்புக் குழுவில் பார்ப்பது அரிது.

அடுத்து என்ன கவனிக்கலாம்?

தமிழ்நாடு அரசின் சதுப்புநில இயக்கம் 100 சதுப்பு நிலங்களை அடையாளம் கண்டு மீட்கும் இலக்கோடு நடக்கிறது. உங்க ஏரியாவில் ஒரு ஏரி அந்த மாதிரி திட்டத்தில் வந்தாலோ, உங்க கம்பெனியே சமூகப் பொறுப்பு நிதியில் தூர்வார எடுத்துக்கொண்டாலோ, வேலைக்கான வரைபடத்தைக் கேட்டுப் பாருங்கள்.

அதில் ஏரியைச் சுற்றி நாலு பக்கமும் ஒரே கனத்தில் கோடு போட்டு 'நடைபாதை' என்று எழுதியிருந்தால், உள்வாய்ச் சரிவு போய்விட்டது என்று அர்த்தம். தண்ணீர் நுழையும் பக்கத்தை வெட்டாமல், கல் பதிக்காமல், ஒரு பகுதியையாவது சரிவாகவே விட்டிருந்தால் கோரைக்கும் காட்டுப் புல்லுக்கும் இடம் இருக்கு. கன்று நடுவதாக இருந்தால், எத்தனை கன்று என்பதோடு எத்தனை இடத்திலிருந்து சேகரித்தது என்றும் கேட்கலாம். அடையாறு கழிமுகத்துக்கும் இதே கேள்விகள்தான். அங்கே கூடுதலாக ஒன்று: மணல் திட்டு முகத்துவாரத்தை அடைத்துக்கொண்டால் அலை உள்ளே வராது. அலை வராத சேற்றில் சம்பு வேண்டுமானால் வளரும், உப்பில் வாழும் புல் நிற்காது.

திரூரில் டி.கே.எம். வரிசை இன்னும் முடியவில்லை. அடுத்த ரகத்துக்கு ஒட்டுச் சேர்க்கும்போதும், வயலில் புதிதாக வந்திருக்கும் இலைக்கருகல் பாக்டீரியாவைத் தொற்றவைத்து, எந்தச் செடி நிற்கிறது என்று பார்ப்பார்கள்.